முதலில் பேசுகிறவன்

காந்திமதியும் பிரிட்டோவும் நேருக்கு நேர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் வாரா வாரம் அவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், ஒருவர் மடியில் ஒருவர் செத்தும் போனார்கள். எல்லாம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த டப்பிங் ஸ்டுடியோவில் நடந்தது.

அவர்கள் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடருக்குத் தமிழில் 'ஒன்பதாம் நிலவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூலப் பெயர் அந்த நாட்டுக்காரர்களைத் தவிர வேறு யார் வாயிலும் நுழையாது. ஒரு விண்கலம், அதன் வயிற்றில் ஓர் இயந்திரம். யார் யாரோடு சேர்வார்கள், யார் யாரை விட்டுப் பிரிவார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். நம் ஊரில் கிளி சீட்டு எடுத்துக் கொடுக்கிற அதே வேலைதான், அங்கே வயரெல்லாம் இழுத்துக் கொஞ்சம் ஆடம்பரமாகச் செய்கிறார்கள். கலத்தின் தலைவி இலானா. பொறியாளன் தாரேக். எந்த உலகத்தில் பிறந்தாலும் இந்த இரண்டு பேரும் சந்திப்பார்கள், எந்த உலகத்திலும் சேர்ந்து வாழ மாட்டார்கள் என்பது இயந்திரத்தின் தீர்ப்பு. தாரேக் ஒவ்வொரு சீசனிலும் அதை எதிர்த்து மல்லுக்கு நிற்பான். இலானா பாதி நம்புவாள், பாதி நம்ப மாட்டாள். தமிழில் இலானாவுக்குக் காந்திமதியின் குரல், தாரேக்குக்குப் பிரிட்டோவின் குரல்.

ஊரில் இத்தனை குரல் இருக்க, பிரிந்து போன புருஷன் பெண்டாட்டியா அகப்பட்டார்கள் என்று கேட்டால், அப்படித்தான் அமைந்தது. தொடரை வாங்கிய கம்பெனிக்காரர்கள் எங்கேயோ உட்கார்ந்து சாம்பிள் கேட்டு, இரண்டு குரலும் ஜோடியாக நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். காந்திமதி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நானா தேடிப் போனேன்? அதுவா வந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். தனக்கு ஆசையாக இருக்கிற எதையும் அது தானாக வந்தது என்று சொல்லிக்கொள்வது அவள் சுபாவம்.

அவர்கள் பிரிந்ததும் அப்படி ஒரு காரணத்தால்தான். காதல் கல்யாணம். அவன் பள்ளிக்கரணைக் கிறிஸ்துவப் பையன், அவள் இரும்புலியூர்ப் பெண். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பிறகு சரியாகிவிட்டார்கள். சேர்ந்து வாழ்ந்த வருடங்களில் அவளுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. இரண்டாவது முறை ஐந்து மாதம். டாக்டர் பொறுமையாகக் காரணம் சொன்னார், வழியும் சொன்னார். அம்மா வேறொரு வழி பார்த்தாள். பிரிட்டோ பிறந்த தேதியை வைத்து அவனுக்கே தெரியாமல் ஒரு ஜாதகம் கணித்து, காமராஜபுரத்தில் ஒரு ஜோசியரிடம் காட்டினாள். இந்த இரண்டு ஜாதகமும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் பிள்ளை நிற்காது என்று அவர் சொன்னார்.

வயிறு காலியாகிப் படுத்துக் கிடக்கிறவளிடம் எதைச் சொன்னாலும் உள்ளே இறங்கும். அது இறங்கிவிட்டது. ஒரு நாள் அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்திருக்கணும்னு எழுதல, பிரிட்டோ. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

பிரிட்டோ கத்தவில்லை. ஆட்டோவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னான்: "கால் உன்னோடது காந்தி. நடந்து போறது நீதான். ஜாதகம் நடந்து போகல. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

அந்தப் பேச்சை அவளால் மன்னிக்க முடியவில்லை. உண்மையாக இருந்ததால்தான் மன்னிக்க முடியவில்லை என்பது அவளுக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று. அவன் விவாகரத்து கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் தாலியைக் கழற்றி பீரோவில் வைத்தாள், விற்கவில்லை.

டப்பிங்கில் இப்போதெல்லாம் யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஒருவர் வந்து தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போவார், இன்னொரு நாள் அடுத்தவர் வருவார். சவுண்ட் இன்ஜினியர் இரண்டையும் ஒட்டிவிடுவார். முதலில் பேசுகிறவருக்கு ஹெட்போனில் மூல மொழி மட்டும்தான் கேட்கும். புரியாத பாஷையில் யாரோ எதுவோ சொல்ல, இவர் சுவரைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதாக வருகிறவருக்குச் சுகம். முதல் ஆளின் தமிழ்க் குரல் காதில் ஓடும், அதற்குப் பதில் சொன்னால் போதும்.

காந்திமதி எப்போதும் இரண்டாவதாகத்தான் பேசினாள். மூன்று சீசனிலும் அவள் வரும்போது பிரிட்டோவின் குரல் காதில் தயாராக இருந்தது. அவன் காலையிலேயே வந்து பேசி முடித்துவிட்டுப் போயிருப்பான். தன் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் அவன் முந்திக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். 'அவ்வளவு ஆகாதவளாகிவிட்டேனா' என்று படியேறும்போதெல்லாம் ஒரு தடவை வயிறு எரியும். ஆனால் ஹெட்போனை மாட்டி, அந்தக் குரல் "இலானா" என்று கூப்பிட்டதும் எரிச்சல் எங்கே போகும் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுவாள். அவள் பேசியதில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று சவுண்ட் இன்ஜினியர் டேனியலுக்குத் தெரியும். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதுவும் தெரியாதவன் மாதிரி பட்டனைத் திருகிக்கொண்டிருப்பான்.

கடைசி சீசன் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பிற்பகல் காதுக்குள் தாரேக் சொன்னான்: "எத்தனை உலகம் இருந்தாலும் சரி, இலானா, கதவைத் திறக்கிறது நீதான்." இலானா என்ற பெயருக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு பேசியிருந்தான்.

காந்திமதி பதில் வசனத்தைப் பேசாமல் ஹெட்போனைக் கழற்றினாள். "டேனியல், அவருக்கு என்ன?"

"இன்னாக்கா? டிராக்ல ஏதாவது கொரகொரன்னு கேக்குதா? ஏர்ஃபோர்ஸ் பிளேன் போச்சு, அதுவா இருக்கும்."

"பிளேன் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு வரிக்கு நடுவுல மூச்சை உடைக்கிற ஆள் இல்ல அவரு. என்னன்னு சொல்லு."

டேனியல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தான். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா. கிட்னி. ரெண்டும் போயிடுச்சி. டயாலிசிஸ் பண்ணிக்கினு இருக்காரு. பண்ணிட்டு வந்தா ஆளு துவண்டு பூடறாரு. பள்ளிக்கரணை வூட்லதான் கீறாரு. ஒரு தபா போய்ப் பாத்துட்டு வாங்கக்கா."

உடனே கிளம்பிப் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். அவள் தண்ணீர் குடித்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், பிறகு சொன்னாள்: "பார்ப்போம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ரெக்கார்டிங் விழுந்தா பார்த்துப் பேசிட்டுப் போறேன்."

"அது நாம போடறதுதானேக்கா? நாளைக்கே போட்டுடறேன்."

"நீயா போடாத. தானா விழட்டும்."

தானாக விழுவதற்கு ஷெட்யூல் என்ன மாங்காயா? டேனியல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனான். பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. தாம்பரம் பஸ் நிலையத்தில் நிற்கும்போது, மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகிற பஸ் ஒவ்வொன்றும் அவளைப் பார்த்து ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்தது. எல்லாமே பள்ளிக்கரணையைத் தாண்டித்தான் போகும். ஒரு நாள் ஏறியும் விட்டாள். 'கூப்பிடாமல் போனால் என்ன நினைப்பான்? ஆறு வருஷம் இல்லாதவள் இப்போது சாவு வாசனை பிடித்து வந்தாள் என்று நினைத்தால்?' என்று யோசித்து யோசித்து, கேம்ப் ரோடு நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். எதிர்ப் பக்கம் போய் நின்று திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடித்தாள்.

முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கென்றே நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. பூக்கட்டிப் பார்ப்பது. வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோவிலுக்குப் போனாள். வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைக்கச் சொன்னாள். வெள்ளை வந்தால் பிரிட்டோவைப் போய்ப் பார்ப்பது, சிவப்பு வந்தால் போகாமல் இருப்பது. சின்னப் பிள்ளைகளை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள் என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. பூசாரியே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

காந்திமதியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. போக வேண்டாம் என்று உத்தரவு வந்ததும் ஒருத்திக்கு முகம் விழுகிறது என்றால், அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கோவில் வாசலில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். பூசாரிக்கும் தெரிந்தது. "ஏம்மா, மனசு ஆறலைன்னா இன்னொரு தடவை வெச்சுப் பாரேன். தப்பில்ல" என்றார்.

"ரெண்டாவது தடவை பார்த்தா அம்மனை நம்பலைன்னு ஆயிடுமே சாமி" என்றாள்.

அம்மன் என்ன செய்வாள், பாவம். அவளிடம் இருந்தது இரண்டு பூ. போகிறேன் என்று வந்து நின்றிருந்தால் அம்மனா வழியை மறித்திருப்பாள்? காந்திமதி குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பிறகும் ரெக்கார்டிங் நடந்தது. தாரேக்கின் குரல் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போயிற்று. நல்ல வேளையாகக் கதையிலும் அவன் காயம்பட்டுக் கிடந்தான், அதனால் யாரும் குறை சொல்லவில்லை. படிப்பறிவுள்ளவள், மைக் முன்னால் ராணி மாதிரி நிற்கிறவள், காதில் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைக் கேட்டுக்கொண்டே, அவன் வீடு இருக்கிற தூரம் தெரிந்தும், போகாமல் இருந்தாள். கேட்கிற நமக்கே ஆத்திரம் வருகிறது.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது, ஒரு நாள் காலையில் டேனியல் போன் செய்தான். "அக்கா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பேசவும் தேவையில்லாமல் போயிற்று.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, விஷயம் கேட்டுவிட்டு, "என்ன பண்றது, எல்லாம் விதி" என்றாள்.

"சும்மா இரும்மா" என்றாள் காந்திமதி. அம்மாவிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கரணையில் வீடு நிறைய ஆட்கள். ஆறு வருடமாக வர முடியாமல் இருந்த வீட்டுக்கு வர அன்று அவளுக்கு ஒரு பஸ் போதுமானதாக இருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். எந்த முகத்தோடு உள்ளே போவது? பிரிட்டோவின் தங்கை ஆஷாதான் பார்த்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று காந்திமதி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ள வாங்க அண்ணி. நீங்க பெட்டிகிட்ட உக்காரணும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பெட்டிக்குள் பிரிட்டோ வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். கன்னம் ஒட்டிப் போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. காதில் கேட்ட குரலுக்கு இப்படி ஓர் உடம்பு இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு அவள் அழுத அழுகை தெருமுனைவரை கேட்டது. கல்லறையில் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டாள்.

கடைசி அத்தியாயம் காத்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களுக்குத் தேதி முக்கியம். தாரேக்குக்கு ஜேசன் என்று ஒரு புதுப் பையனைப் பிடித்தார்கள். குரல் கிட்டத்தட்ட ஒட்டும். பாதிரியார் முன்னால் நிற்கிறவன் மாதிரி ஸ்டுடியோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"யார் முதல்ல பேசறது?" என்று காந்திமதி கேட்டாள்.

டேனியல் பட்டனைத் திருகினான். "ஜேசன் முதல்ல பேசட்டும்க்கா. எப்பவும் அப்படித்தானே. அண்ணன் சொல்லி வெச்சது."

"அவர் என்ன சொல்லி வெச்சாரு?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" டேனியல் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "முதல் சீசன்லயே சொல்லிட்டாரு. 'காந்தி பதிலுக்குப் பேசறவ. அவ காதுல ஆள் இல்லைன்னா குரல் இறங்கிடும். அவளை வெறும் காதோட நிக்க வைக்காத, நான் முந்திப் பேசிட்டுப் போறேன்'னாரு. டயாலிசிஸ்கூடக் காலையில குடுத்தாங்க, உங்களுக்கு முன்னாடி வந்தாவணும்னு சண்டை போட்டு மாத்திக்கினாரு. வந்தவொடனே நீங்க போன வாரம் பேசினதைப் போடச் சொல்லிக் கேப்பாரு. கேட்டுட்டுத்தான் மைக் முன்னாடி போவாரு."

காந்திமதி கண்ணாடிக்கு உள்ளே இருந்த மைக்கைப் பார்த்தாள்.

"நான் ஒரு நாள் கேட்டேன்க்கா. 'அக்காவைக் கூப்புடட்டாண்ணா'ன்னு. வேணான்னுட்டாரு. 'கூப்ட்டா வந்துடுவா. அப்புறம் நீ கூப்ட்டதாலதான் வந்தேன்னு ஆயிடும். அவளாத் தோணி வரட்டும்டா'ன்னாரு. கடைசி வரைக்கும் வாசலைத்தான் பாத்துக்கினு இருந்தாராம். ஆஷாக்கா சொன்னாங்க."

அவள் தானாக விழட்டும் என்று காத்திருந்தாள். அவன் அவளாக வரட்டும் என்று காத்திருந்தான். நடுவே ஒரு பஸ் பயணம். அரளிப் பூவின் மேல் பழியைப் போட அவள் மனசு ஒரு தடவை முயன்று பார்த்தது, முடியவில்லை. பூ நடந்து போகவில்லை, நின்றது அவள்தான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"நான் முதல்ல பேசறேன்" என்றாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்க்கா."

"இருக்கட்டும். அந்தப் பையன் புதுசு. அவன் காதுல ஆள் இருக்கட்டும்."

உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் காதில் பிரிட்டோ இல்லை. யாரோ ஓர் அந்நிய நடிகன் புரியாத பாஷையில் முனகினான். அறை அவ்வளவு பெரியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பிரிட்டோ வாரா வாரம் காலையில் வந்து, மூச்சு வாங்க, இந்த வெறுமையைப் பார்த்து "இலானா" என்று அத்தனை பிரியத்தோடு எப்படிக் கூப்பிட்டான்?

திரையில் கடைசிக் காட்சி. தாரேக் கலத்துக்கு வெளியே மிதக்கிறான். கதவைத் திறந்து அவனிடம் போகவா வேண்டாமா என்று இலானா இயந்திரத்தைக் கேட்கிறாள். அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுடைய காற்று தீரும் நிலைக்கு வந்துவிடுகிறது. கலத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று இலானா பேச வேண்டும். தாளில் வசனம் இருந்தது: 'விதி நம்மளப் பிரிச்சிடுச்சு, தாரேக். என்னால வர முடியல.'

டேனியல் காட்சியை ஓட விட்டான். இலானாவின் வாய் அசைந்தது. காந்திமதியின் வாய் திறக்கவில்லை.

"ஒன் மோர்க்கா" என்றான் டேனியல் மெதுவாக.

மறுபடியும் ஓடியது. மறுபடியும் அந்த முதல் வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பிரிட்டோ சொல்லிக் கொடுப்பது அவளுக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கும் சொல்லியிருக்கிறான். "திரையில வாய் அசைஞ்சு முடிஞ்சாச்சு. அதை நீ மாத்த முடியாது. அழுதாலும் முடியாது. அதுக்குள்ள என்ன வார்த்தை போடறேங்கிறதுதான் உன்னோடது."

"இன்னொரு தடவை போடு டேனியல்."

இலானா கண்ணாடியில் கையை வைத்தாள். வாய் அசைந்தது.

"நான்தான் நம்மளப் பிரிச்சேன், தாரேக். வந்திருக்கலாம். வரல."

காட்சி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேனியல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "லிப் ஒட்டிடுச்சுக்கா. ஆனா தாள்ல இப்படி இல்ல. கம்பெனிலருந்து கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

அடுத்தது தாரேக்கின் பதில். அது ஜேசன் பேச வேண்டியது, அவளுக்கு அங்கே வசனம் கிடையாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அவள் கழற்றவில்லை. திரையில் கண்ணாடிக்கு வெளியே தாரேக்கின் உதடுகள் ஏதோ சொல்லி அசைந்துகொண்டிருந்தன. தமிழில் ஒரு சத்தமும் இல்லை. அவன் பேசி முடிக்கும்வரை அவள் நின்று கேட்டாள்.